மதிலுக்குள் முந்நூறு ஆண்டுகள் – 6: வந்த விடையும் வேண்டிய விடையும்

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் வாசகர்களுக்காக முதலில் நாலு வரி.

1708-இல் ஒல்லாந்தக் கம்பெனி, களனி ஆற்றுக்கு வடக்கே ஹெந்தளையில் தொழுநோயாளருக்கென ஓர் இல்லத்தைக் கட்டி முடித்தது. கொழும்புக் கோட்டைக்கும் அந்த இல்லத்துக்கும் நடுவே ஆறு. அந்த ஆறுதான் அங்கே எழுந்த முதல் மதில் என்று இரண்டாம் பகுதியில் எழுதியிருந்தேன். 1796-இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போனது. கொடி மாறியது. இல்லம் அப்படியே இருந்தது.

சென்ற வாரம் 1867-இல் நின்றோம். பார்படோஸில் தொழுநோய் பெருகுவதாக அங்கிருந்த ஆளுநர் எழுதிய ஒரு கடிதம், 1862-இல் இலண்டன் குடியேற்ற நாட்டுச் செயலகத்தை அசைத்தது. செயலகம் அரச வைத்தியர் கல்லூரியைக் கேட்டது. கல்லூரி ஒரு கேள்விக் கொத்தைத் தயாரித்துப் பேரரசின் மூலை முடுக்கெல்லாம் அனுப்பியது. ஐந்தாண்டு கழித்து அறிக்கை வந்தது: தொழுநோய் தொற்றாது, உடல்வாகும் பரம்பரையும் மோசமான உணவும் சேர்ந்து தரும் நோய் இது, நோயாளியின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் எங்காவது இருந்தால் அவற்றை நீக்கிவிடலாம்.

அரசு கேட்டது. அறிவியல் பதில் சொன்னது. பதில் தவறு.

அது தவறென்று தெரிய ஆறு ஆண்டுகள்தான் ஆயின. ஆனால் அந்தத் தவறைத் திருத்தப் புறப்பட்டவர்கள் ஹெந்தளையை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

*

1873.

அந்த ஆண்டின் தொடக்கத்தில், நோர்வேயின் மழை நகரமான பேர்கனில், அர்மவர் ஹான்சன் என்ற முப்பத்தொரு வயது வைத்தியர் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த திசுவை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தார். சிறு சிறு குச்சிகளாய் ஏதோ தெரிந்தது. மனிதரைத் தீராமல் பீடிக்கும் ஒரு நோய்க்குப் பின்னால் ஒரு பக்டீரியாவை ஒருவர் காண்பது ஏறக்குறைய அதுவே முதல் தடவை. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் அறிவித்தது அதற்கு ஒன்பது ஆண்டுகள் பின்னால்.

அதே ஆண்டு மே மாதம், உலகத்தின் மறுபக்கத்தில், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலோக்காயில் ஒரு பெல்ஜியப் பாதிரியார் கரை இறங்கினார். பெயர் டேமியன். மலைக்கும் கடலுக்கும் நடுவே தொழுநோயாளரைக் கொண்டுபோய் விட்டிருந்த ஒரு நிலத்துண்டில் தங்கி ஊழியம் செய்ய வந்தவர்.

இந்த இருவரும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை. ஆனால் ஹெந்தளையின் தலைவிதியை எழுதியதில் இருவருக்கும் பங்குண்டு. வைத்தியரின் பங்கைவிடப் பாதிரியாரின் பங்கு பெரிது என்பேன் நான்.

ஹான்சன் கண்டது கிருமிதான். ஆனால் அந்தக் கிருமி பரவுகிறது என்று காட்ட அவரால் முடியவில்லை. ஆய்வுகூடத்தில் வளர்க்க முடியவில்லை. விலங்குகளுக்கு ஏற்றினாலும் பற்றவில்லை. பொறுமையிழந்து, 1879-இல், தன் மருத்துவமனையிலிருந்த ஒரு பெண்ணின் கண்ணில், வேறொரு நோயாளியிடமிருந்து எடுத்ததைத் தோய்த்த ஊசியால் குத்தினார். அவளிடம் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு நீதிமன்றம் அவரை அந்த மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. ஆனால் நாடு முழுவதற்குமான தொழுநோய்த் தலைமை வைத்தியர் பதவி அவரிடமே இருந்தது. இந்த மனிதரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேர்லினில் திரும்ப வருவார்.

*

1889 ஏப்ரல் 15. டேமியன் இறந்தார். தொழுநோயால்.

பதினாறு ஆண்டுகள் நோயாளரோடு உண்டு உறங்கியவர், புண்ணுக்குக் கட்டுப்போட்டவர், பிணத்தைப் புதைத்தவர். தொற்றாத நோய் என்று இலண்டன் முத்திரை குத்தியிருந்த நோய் அவரைத் தின்றுவிட்டது. ஐரோப்பியர் ஒருவருக்கு, அதுவும் ஒரு துறவிக்கு, வந்துவிட்டது என்ற செய்தி தந்திக் கம்பிகளில் ஓடியபோது 1867 அறிக்கையின் பக்கங்கள் ஒரே நாளில் பழுத்துப்போயின.

அதே ஆண்டில் ஹென்றி பிரஸ் ரைட் என்ற திருச்சபைக்காரர் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘தொழுநோய்: பேரரசுக்கு ஓர் ஆபத்து’. தலைப்பிலேயே பயம் தொனிக்கிறது. கப்பல்கள் பெருகிவிட்டன, கூலிகள் கடல் கடக்கிறார்கள், படைவீரர்கள் கிழக்கே போய்த் திரும்புகிறார்கள். நோயும் கூடவே வந்துவிடாதா?

வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர், டேமியன் பெயரில் தேசியத் தொழுநோய் நிதி ஒன்றைத் தொடங்கிவைத்தார். இலண்டனின் பெரிய இறைச்சிச் சந்தையில் ஒரு தொழுநோயாளி வேலை செய்வதாக அவரே பகிரங்கமாகச் சொன்னார். அதைக் கேட்டவர்களின் முகங்களை நாமே ஊகித்துக்கொள்ளலாம். மொலோக்காய் எங்கோ இருந்தது. இறைச்சிக் கடை தெருமுனையில் இருந்தது.

பயத்துக்கு விடை வேண்டும். விடைக்கு ஒரு குழு வேண்டும்.

*

குழுவில் ஐவர். இங்கிலாந்திலிருந்து மூவர்: திரினிடாட்டில் தொழுநோயாளர் இல்லத்தை நடத்திப் பழகிய பீவன் றேக், ஜோர்ஜ் பக்மாஸ்டர், அல்பிரெடோ காந்தக். இந்திய அரசின் பக்கத்திலிருந்து இருவர்: ஆர்தர் பார்க்லே, எஸ். ஜே. தோம்சன். 1890-இலும் 1891-இலும் இந்தியாவைச் சுற்றினார்கள்.

இந்த ஐவர் செய்த வேலையை இன்றைக்கும் மரியாதையோடுதான் பார்க்க வேண்டும். 1867-இல் கல்லூரி செய்ததெல்லாம் தபாலில் கேள்வி அனுப்பி வந்த பதில்களைத் தொகுத்ததுதான். இவர்கள் ரயிலேறி, மாட்டுவண்டி ஏறி, நோயாளியை நேரில் பார்த்தார்கள். இமயமலை அடிவாரத்து அல்மோராவில் ஆய்வுகூடம் போட்டார்கள்.

முதல் சிக்கல் எண்ணிக்கை. குடிசன மதிப்பீட்டில் எழுதப்பட்டிருந்த தொழுநோயாளர் எல்லோரும் தொழுநோயாளர்தானா?

இதைப் புரிந்துகொள்ளத் தமிழனுக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. நம் பேச்சில் குட்டம், குஷ்டம், பெருவியாதி எல்லாம் உண்டு. வெண்குட்டமும் உண்டு. தோலின் நிறம் மட்டும் போகும் அந்த வெண்குட்டத்துக்கும் தொழுநோய்க்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் பெயரில் ‘குட்டம்’ ஒட்டியிருக்கிறதே! கணக்கெடுக்க வந்த எழுத்தர் வாசலில் நின்று கேட்டால் எந்த வீட்டில் எந்தக் குட்டத்தைச் சொல்லியிருப்பார்கள்? இலங்கையில் இதோடு பறங்கிப் புண்ணும் சேர்ந்துகொண்டது. குழு இந்தியக் கணக்குகளைத் துருவிப் பார்த்து, மற்றத் தோல் நோய்களும் அதில் கலந்திருப்பதாகச் சொன்னது. இலண்டனை அச்சுறுத்திய எண்ணிக்கைகள் உண்மைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தன.

இரண்டாவது, எல்லோருக்கும் வேண்டியிருந்த கேள்வி. தொற்றுமா, தொற்றாதா?

கணவனுக்கு நோய் இருக்கும், மனைவிக்கு இருக்காது. தாய்க்கு இருக்கும், மடியில் வளர்ந்த பிள்ளைக்கு இருக்காது. இல்லங்களில் பல ஆண்டுகளாக நோயாளருக்குச் சமைத்துப் போட்ட பணியாளர் நலமாக இருப்பார்கள். இப்படி எத்தனையோ வீடுகளைப் பார்த்துவிட்டு, 1893-இல் அச்சான அறிக்கையில் குழு ஏறக்குறைய இப்படி எழுதியது. நோய்க்குக் காரணம் கிருமிதான், பரம்பரை அல்ல. தொற்றவும் செய்யும். ஆனால் அந்தத் தொற்று அவ்வளவு சொற்பம். அதை வைத்து மனிதரைக் கட்டாயமாக அடைத்துவைக்கச் சட்டம் செய்யத் தேவையில்லை. நகரங்களில் புண்ணோடு பிச்சையெடுத்து அலைவதையும் உணவுப் பண்டம் விற்பதையும் தடுத்தால் போதும். விரும்பி வருபவர்களுக்கு இல்லங்கள் இருக்கட்டும்.

இங்கே கொஞ்சம் நிற்போம்.

இன்று நமக்குத் தெரிந்ததை வைத்து அந்த விடையைத் திருப்பிப் பாருங்கள். மனிதரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில், இந்தக் கிருமி உடலுக்குள் வந்தாலும் இயல்பான எதிர்ப்புச் சக்தியால் அதைத் தோற்கடித்துவிடுகிறார்கள். மற்றவரிலும் அது மெல்ல மெல்லத்தான் பெருகும். உள்ளே வந்த நாளுக்கும் முதல் தேமல் தெரியும் நாளுக்கும் இடையே சராசரி ஐந்து ஆண்டு, சிலருக்கு இருபது ஆண்டுகூட. யாரிடமிருந்து வந்தது என்று நோயாளிக்கே தெரியாது. செயற்கை ஊடகத்தில் இந்தக் கிருமியை வளர்க்க இன்றுவரை யாராலும் முடியவில்லை. இவ்வளவு கள்ளத்தனமான ஒரு நோயை, மருந்தும் நம்பகமான பரிசோதனையும் இல்லாத காலத்தில், ஐந்து பேர் கண்ணால் பார்த்துக் காதால் கேட்டு ‘தொற்றும், ஆனால் சொற்பம்’ என்று சொன்னார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடைத்த விடைகளில் உண்மைக்கு மிக அருகில் வந்தது அதுதான்.

அந்த விடைக்கு என்ன நடந்தது?

*

அறிக்கையைப் பெற்றுக்கொண்டது இலண்டனில் இருந்த நிதியின் சிறப்புக் குழு. காசு கொடுத்தவர்கள். அனுப்பிவைத்தவர்கள்.

அவர்களில் பெரும்பான்மையோர் அதை ஏற்கவில்லை.

அறிக்கையைத் தீயில் போடவில்லை, பெட்டியில் பூட்டவில்லை. அப்படிச் செய்திருந்தால் இந்தத் தொடர் எழுதுவது எளிதாக இருந்திருக்கும். ஒரு வில்லன் கிடைத்திருப்பான். அவர்கள் செய்தது அதைவிட நாசூக்கானது. அறிக்கையை அச்சிட்டார்கள். தொற்றையும் தனிமைப்படுத்தலையும் பற்றிய முடிவுகளில் தங்களுக்கு உடன்பாடில்லை என்ற குறிப்பையும் கூடவே அச்சிட்டார்கள். ஐவர் நாடெல்லாம் அலைந்து திரட்டியதும், மேசையில் இருந்தவர்களின் மறுப்பும் ஒரே அட்டைக்குள்.

அதன்பின் எந்த அரசு எந்தப் பக்கத்தைப் படிப்பது என்பது அந்தந்த அரசின் விருப்பம்.

இந்திய அரசு கொஞ்சம் தயங்கியது. 1898-இல் அங்கே வந்த தொழுநோயாளர் சட்டம், பிச்சையெடுத்துத் திரியும் ஏழை நோயாளரைக் குறிவைத்தது. வீடும் வருமானமும் உள்ளவர்மீது கை வைக்கவில்லை. நியாயமா என்றால் இல்லை. ஏழையின் கிருமிக்கு மட்டும் கால் முளைத்திருந்ததா என்ன? ஆனாலும் அது பாதிச் சட்டம்.

கொழும்பு பாதியோடு நிற்கவில்லை. அதற்குக் காரணம் வேண்டுமானால் பேர்லினுக்குப் போக வேண்டும்.

*

1897 ஒக்டோபர். முதலாவது சர்வதேசத் தொழுநோய் மாநாடு. ருடோல்ப் வீர்ஷோ தலைமையில் ஐரோப்பாவின் பெரிய பெயர்களெல்லாம் கூடியிருந்தன. நோர்வேயிலிருந்து ஹான்சன் வந்தார்.

அவர் கையில் எண்கள் இருந்தன. நோர்வே 1856 முதலே ஒவ்வொரு தொழுநோயாளியையும் பெயரிட்டுப் பதிவு செய்துவந்த நாடு. ஒரு நோய்க்கென ஒரு நாடு முழுவதற்கும் பதிவேடு வைத்தது உலகிலேயே அதுதான் முதல் தடவை. தொடக்கத்தில் 2,800-க்கும் மேற்பட்ட பெயர்கள். நூற்றாண்டு முடிகிறபோது அது அறுநூறுக்கும் கீழே போய்க்கொண்டிருந்தது. காரணம், தனிமைப்படுத்தல் என்றார் ஹான்சன். நோர்வே மக்களின் வீடும் உணவும் அந்த நாற்பது ஆண்டுகளில் மாறியிருந்தனவே, அதற்குப் பங்கில்லையா என்ற கேள்விக்கு அந்த மண்டபத்தில் அவ்வளவு எடுப்பில்லை.

மாநாடு தீர்மானித்தது: தொழுநோயைத் தடுக்கச் சிறந்த வழி தனிமைப்படுத்தல். நோர்வேயில் உள்ளதுபோல் கட்டாய அறிவிப்பு, கண்காணிப்பு, தனிமைப்படுத்தல்.

‘நோர்வேயில் உள்ளதுபோல்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். நோர்வேயின் 1885 சட்டத்தில் நோயாளிக்கு முதல் இடம் அவருடைய சொந்த வீடுதான். தனி அறை, தனிப் படுக்கை இருந்தால் வீட்டிலேயே இருக்கலாம். அது முடியாதவர்களும் இணங்காதவர்களும்தான் மருத்துவமனைக்கு. மாநாட்டுத் தீர்மானமும்கூட, ஊராட்சி நிர்வாகமும் போதிய வைத்தியர்களும் உள்ள நாடுகளை மனதில் வைத்துத்தான் அந்த முறையைப் பரிந்துரைத்தது.

குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலில் வந்தது தீர்மானத்தின் முதற் பாதி.

*

இப்போது கொழும்பு.

1895-இல் களனி ஆற்றின் குறுக்கே விக்டோரியா பாலம் வந்துவிட்டது. அதுவரை கிராண்ட்பாஸில் படகுகளைக் கோத்துக் கட்டிய மிதவைப் பாலம்தான். இனி கொட்டாஞ்சேனையிலிருந்து புறப்படும் மாட்டுவண்டி, ஆற்றைப் பார்க்காமலே பேலியகொடையைத் தாண்டி வத்தளைக்குப் போய்விடும். ஒல்லாந்தர் நம்பியிருந்த முதல் மதிலில் இரும்பால் ஒரு வழி திறந்துவிட்டது. அதைக் கண்டு பயந்துதான் சட்டம் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நகரம் ஹெந்தளைக்கு அருகில் வந்துவிட்டது.

1901. தேசாதிபதி சேர் ஜோசப் வெஸ்ட் ரிஜ்வே. சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்திருந்தவர் டொக்டர் வில்லியம் கேப்ரியல் றொக்வூட். சென்னையில் படித்து, கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் கத்தி பிடித்த சத்திரசிகிச்சையாளர். தொழுநோய் என்றால் என்ன என்று அந்தச் சபையில் யாராவது விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தால் அவரைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

அந்த ஆண்டின் 4-ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் நிறைவேறியது. தொழுநோயாளரைத் தனிமைப்படுத்தவும் அவர்களுக்குச் சிகிச்சையளிக்கவும் ஏற்பாடு செய்யும் சட்டம் என்று அதன் நோக்கம் எழுதப்பட்டது.

தனிமைப்படுத்தல், சிகிச்சை. இரண்டு சொற்கள்.

தனிமைப்படுத்த ஹெந்தளையில் ஏற்கெனவே மதில் இருந்தது. சிகிச்சைக்கு என்ன இருந்தது? சோல்முக்ரா எண்ணெய். நம் நாட்டு வைத்தியரும் இந்திய வைத்தியரும் நீரடிமுத்து என்று காலங்காலமாகப் பயன்படுத்திவந்த விதை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். குடித்தால் குமட்டும். ஊசியாக ஏற்றினால் உயிர்போக வலிக்கும். சிலருக்குக் கொஞ்சம் குணம் தெரியும், பலருக்குத் தெரியாது. கிருமியைக் கொல்லும் மருந்து மனித கைக்கு வர இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன. எனவே சட்டத்தின் இரண்டு சொற்களில் ஒன்றுக்குத்தான் அன்று பொருள் இருந்தது.

கட்டாயச் சட்டம் என்றால் யாராவது கண்டுபிடிக்க வேண்டும், யாராவது காட்டிக்கொடுக்க வேண்டும். தேமல் உள்ளவர் சட்டையின் கையை இறக்கி விட்டுக்கொள்வார். விரல் மடங்கத் தொடங்கியவர் கையைத் துண்டால் மூடிக்கொள்வார். பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிற வீட்டில் தாத்தாவைப் பின்னறைக்கு அனுப்பிவிடுவார்கள். சிங்களத்தில் ஹெந்தளை இல்லத்தை ‘லாதுரு ரோஹல’ என்பார்கள். தொழுநோய் ஆஸ்பத்திரி என்று அர்த்தம். 1901-க்குப் பிறகு அந்தப் பெயர் ஒரு முகவரியாக மட்டும் இருக்கவில்லை. நோயைத் தடுக்க வந்த சட்டமே நோயை ஒளிக்கக் கற்றுக்கொடுத்தது. ஒளித்த நோய் முற்றும், முற்றிய நோய்தான் பரவும். தொற்று சொற்பம் என்று 1893-இல் எழுதிய ஐவரின் பேச்சைக் கேட்டிருந்தால், நோயாளி தன் காலில் நடந்து வந்திருக்கக்கூடும்.

முப்பத்து நான்கு ஆண்டுகளில் மூன்று விடைகள் வந்தன. ‘தொற்றாது’, ‘சொற்பமாய்த் தொற்றும்’, ‘அடைத்து வை’. கொழும்பு மூன்றாவதை எடுத்துக்கொண்டது. கிழக்கே மட்டக்களப்பு வாவிக்குள் ஒரு தீவையே அதற்காகத் தேடிப்போகும் காலமும் வரப்போகிறது. மாந்தீவைப் பற்றிப் பின்னால் தனியாக எழுத வேண்டும்.

*

ஆனால் கதை இங்கே முடியவில்லை. நான்காவது விடை ஒன்று கப்பலேறிவிட்டது.

ஜொனதன் ஹட்சின்சன். இலண்டன் அரச சத்திரசிகிச்சையாளர் கல்லூரியின் முன்னாள் தலைவர். வயது எழுபத்து நான்கு. வைத்திய உலகம் முழுவதும் மதித்த கண் அவருடையது. எத்தனையோ நோய்க்குறிகளுக்கு அவர் பெயர்தான். அவர் கிருமியை மறுக்கவில்லை. ஆனால் அது மனிதரிடமிருந்து மனிதருக்குப் போகிறது என்பதை ஒப்பவில்லை. வேறொரு குற்றவாளியைப் பல ஆண்டுகளாகவே பின்தொடர்ந்து வந்தார்.

மீன். சரியாக உப்பிடாத, அரைகுறையாய்ப் பதப்படுத்திய, கெட்டுப்போன மீன்.

நோர்வேக் கரையோரத்தில் நோய் ஏன் அதிகம்? மீன். பழைய காலத்து ஐரோப்பாவில் ஏன் பரவியிருந்தது? கத்தோலிக்கரின் விரத நாட்களில் இறைச்சி கிடையாது, மீன் உண்டு. தென்னாபிரிக்காவுக்குப் போய் வந்தார். 1902-இன் இறுதியில் இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் புறப்பட்டார், தன் சந்தேகத்துக்குச் சாட்சி தேடி.

ஹெந்தளை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் நீர்கொழும்பு வரை ஓடும் ஹமில்டன் கால்வாய். கரை நெடுகக் கத்தோலிக்க மீனவக் குடியிருப்புகள், தேவாலய மணிக்கூண்டுகள். மதிலுக்கு வெளியே மணலில் விரித்த பாய்களில் கருவாடு காய்கிறது. கிழவரின் கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான மேடை உலகில் எங்கே கிடைக்கும்?

சட்டத்தின் மை காய்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அரசு ஏற்றுக்கொண்ட விடை, மனிதனை மனிதனிடமிருந்து பிரிக்கச் சொன்னது. வந்துகொண்டிருந்தவரோ, பிரிக்க வேண்டியது மீனை என்றார். குற்றவாளி கருவாட்டுப் பாயில்தான் கிடக்கிறான் என்றால், ஹெந்தளையின் மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்கள் செய்த குற்றம் என்ன?

(தொடரும்)